பொய்யாய் எழுந்த தாரை

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். நான் பெங்களூருக்குப் பஸ்ஸில் போய் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி ஒன்றானால், நடுவில் ஒரு கருந்துளையும் அதைச் சுற்றித் தட்டுபோலச் சுழலும் பொருள் வட்டும் மிஞ்சலாம். அங்கிருந்து ஒளிவேகத்தை ஒட்டி ஒரு தாரை, அதாவது ஜெட், பீறிட்டால், விண்வெளியில் இரண்டு நொடிகூட நீடிக்காத காமா கதிர் வெடிப்புகளுக்குக் காரணம் கிடைத்துவிடும். அந்தத் தாரை எழுகிறதா என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. நொடியின் சிறு துணுக்கைக் கணக்கிட வாரக்கணக்கில் ஆகும். ஆய்வுக்கூடக் கணினியில் என் முறை வரத் தாமதமானதால் வீட்டிலும் ஒரு கணினியில் அதை ஓடவிட்டிருந்தேன். பகலில் கரண்ட் போகும், யூ.பி.எஸ். கால் மணி நேரம் தாங்கும். அதற்குள் கணக்கைச் சேமித்து நிறுத்த அவர் கற்றுக்கொண்டார். வேலையில்லாத நாட்களில் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரு மதியம் போன் செய்தார்.

“ஏம்மா, நடுவுல நேரா மேல ஒண்ணு போவுது. ஊசி மாதிரி. இதுதானா அது?”

மாலையில் வந்து பார்த்தேன். தாரைதான். அதற்குள் ராயக்கோட்டையில் இருந்த தன் அக்காவுக்கும் சொல்லிவிட்டிருந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தப்பு தெரிந்தது. வெற்றிடத்தில் கணக்கு உடைந்துவிடாமலிருக்கத் துளிப் பொருளைச் சேர்க்கும்படி நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். அது பொருளோடு வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டே போயிருந்தது. தாரையைத் தள்ளியது அந்த வரிதான்.

அதே வாரம் கம்பெனியில் அவரை இனி வர வேண்டாம் என்றார்கள். என் தப்பை இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது சொன்னேன்.

“அப்ப நான் பாத்தது?”

“நெஜமில்லைங்க. நான் எழுதினதுல தப்பு.”

“கம்ப்யூட்டர்ல வந்துச்சே.”

“நான் சொன்னதத்தானே அது காட்டும்.”

கை கழுவ எழுந்தார். “அக்காகிட்ட நீயே சொல்லிடு. என்னால ஆவாது.”

திருத்திய பிறகு மூன்று முறை ஓட்டினேன். வட்டு சுழன்றது, தாரை எழவில்லை. அவர் உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வேட்டில் வட்டைப் பற்றி மட்டும் எழுதினேன். பட்டம் உறுதியான அன்று, எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டார். வட்டுக்கு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பண்ணைக்குக் கிளம்பிப் போனார்.