லாரியில் வந்த அப்பாவின் படகு

சுனாமி வந்த காலையில் அப்பா கரைக்குப் பக்கத்திலேயே வலை போட்டுக்கொண்டிருந்தார். அவரும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. மற்ற வீடுகளில் காரியம் முடித்துவிட்டார்கள். அம்மா மட்டும் முடியாது என்றாள். ஆளைக் கண்ணால் பார்க்காமல் பொட்டை அழிக்க மாட்டேன் என்று ஊர்ப் பெரியவர்களிடமே சொல்லிவிட்டாள். உப்பளத்து ஓரம் எங்களுக்குக் கொடுத்திருந்த தகரக் கொட்டகையில் தினமும் அப்பாவுக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

பொங்கல் கழிந்து சில வாரங்களில், நாகப்பட்டினம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் எங்கள் படகு ஒதுங்கியிருப்பதாகச் சித்தப்பாவுக்குப் போன் வந்தது. படகில் எழுதியிருந்த நம்பரை வைத்து விசாரித்திருக்கிறார்கள். தாங்களே கொண்டுவந்து சேர்ப்பதாகவும் சொன்னார்கள்.

சொன்னபடியே செய்தார்கள். அங்கிருந்து கடலூர் வரை ஒரு மீன் வண்டியில் வந்தது. கடலூரில் ஒரு படகுக்காரர், தன் படகு இரண்டாகப் பிளந்து கிடக்கும்போதே, எங்கள் எஞ்சினைப் பிரித்து உப்புத் தண்ணீர் போகக் கழுவிக் கொடுத்தார். இன்னொருவர் அடியில் இருந்த ஓட்டைக்கு ஃபைபர் ஒட்டினார். அங்கே உப்பு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய எங்கள் ஊர் லாரி மிச்ச தூரத்துக்கு ஏற்றிக்கொண்டது. வழியில் புதுச்சேரிக்காரர் ஒருவர் புதுக் கயிறு கொடுத்துக் கட்டி அனுப்பினார். இவர்களில் ஒருவர்கூட எங்கள் அப்பாவைப் பார்த்தவர் இல்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. லாரி வந்து நின்றதும் நான்தான் முதலாளியம்மா. எங்கள் கயிறு பச்சை, இது நீலம், இது எப்படி வந்தது என்று டிரைவரிடம் சண்டைக்குப் போனேன். படகு வந்துவிட்டது, அப்பா பின்னாலேயே பஸ்ஸில் வருவார் என்று பக்கத்துக் கொட்டகைப் பிள்ளைகளிடம் அறிவித்தேன்.

படகை இறக்கியதும், அதோடு கூடவே வந்திருந்த நாகப்பட்டினத்துப் படகுக்காரர் சித்தப்பாவைத் தனியாக அழைத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். தூக்கின களைப்பு என்று நினைத்தேன். அங்கே பேசியதை நான் பெரியவளான பிறகுதான் சித்தப்பா சொன்னார். வலையில் சுற்றிக்கொண்டு அப்பாவும் படகோடுதான் ஒதுங்கியிருந்தார். வைத்திருக்க முடியாத நிலை. தங்கள் ஊர் ஆட்களோடு சேர்த்து அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். இதைப் போனில் சொல்வது முறையில்லை என்றுதான் அவர் அத்தனை தூரம் படகோடு வந்தார்.

சித்தப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. அண்ணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நாகப்பட்டினத்துக்காரர் கொட்டகைக்குள் நுழையும்போதே அம்மா தட்டு வைத்துவிட்டாள்.

"ஒரு வாய் சாப்ட்டுதான் போகணும்ணே. சும்மா அனுப்பிட்டேன்னா அவரு வந்து என்னைத் திட்டுவாரு."

வந்தவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

இழவு வீட்டில் விருந்தாளி கை நனைக்க மாட்டார். அவர் நனைத்தார். கடல் மீனை யாரும் தொடாத காலம் அது, அதனால் முட்டைக் குழம்பு. தலை நிமிராமல், அம்மா வைக்க வைக்கச் சாப்பிட்டார். எனக்கென்று இருந்த முட்டையும் அந்தத் தட்டுக்குப் போனபோது எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போய்விட்டது. அம்மா எனக்காக வேறொரு முட்டையை அடுப்பில் வேகப்போட்டாள்.

கிளம்பும்போது, இழவு வீட்டில் சொல்லக் கூடாததையும் அவர் சொன்னார்.

"போயிட்டு வர்றேன், தங்கச்சி."

நான் லாரி வரை பின்னால் போனேன். சாலையோரக் கைப்பம்பில் டிரைவர் தண்ணீர் அடிக்க, அவர் சட்டை வேட்டியோடு கீழே உட்கார்ந்து தலையை நனைத்துக்கொண்டார். ஈரம் சொட்டச் சொட்ட லாரியில் ஏறினார். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு, துணியோடு குளிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு தாங்கவில்லை. ஓடிவந்து அம்மாவிடம் அவரைப் போலவே உட்கார்ந்து நடித்துக் காட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"தலைக்கா ஊத்திக்கிட்டாரு?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு எரிகிற அடுப்பில் ஊற்றினாள்.

முட்டை இன்னும் வேகவில்லையே என்று நான் அழ ஆரம்பித்தேன். நான் அழுவதைப் பார்த்துத்தான் அவளும் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.