உப்புத் தண்ணீரில் எட்டு மாதம்

மந்தைவெளிப் பக்கம் போனால் வடிவேலுவை இன்றைக்கும் யாராவது, "இன்னா கட்டுக்கம்பி, சௌக்கியமா?" என்று கேட்டுவிடுவார்கள். வருஷக்கணக்காய் அவருக்கு அது வயிற்றெரிச்சல். அந்தப் பேரை வைத்தவர் ஃபிட்டர் கரீமுல்லா பாய்.

எழுபத்தொன்றில் இருவருக்கும் மயிலாப்பூர்க் கடலோரத்து ஐஸ் கம்பெனியில் வேலை. மெஷின் சூட்டைத் தணிக்க சிமெண்ட் பைப்பில் கடல்தண்ணீர் ஓடும். ஸ்டோர் கீப்பர் வடிவேலு வாங்கிப் போட்ட பித்தளை வால்வுகள் வருஷத்துக்குள் இரண்டு தடவை பல்லை இளித்தன.

"மூணாவது தடவையும் போச்சுன்னா நீர் வேலைய விட்டுட்டு ஆத்துல உக்காந்துக்கலாம், ஓய்," என்றார் மானேஜர் ஸ்ரீரங்கன்.

"பித்தளைல கீற துத்தநாகத்த உப்பு துன்னுடும், நைனா," என்றார் பாய். "கன்மெட்டல் வாங்கு. செம்போட வெள்ளீயம் கலந்தது. நிக்கும்."

விலை இரண்டு மடங்கு. மானேஜர் ருசு கேட்டார். பழைய வால்வை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டே, பாய் இரண்டு உலோகத்திலும் ஒவ்வொரு துண்டு அறுத்துக் கொடுத்தார். வடிவேலு அவற்றை ஒரே இரும்புக் கட்டுக்கம்பியில் இறுக்கிக் கட்டிக் கடல்தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிட்டார். நாலு மாதம் கழித்து எடுத்தால் கம்பி துரும்பாய் இளைத்திருந்தது. துண்டுகள் இரண்டும் அப்படியே இருந்தன.

"பாத்தீங்களா பாய், என் பித்தளைய!" வடிவேலு பித்தளைக்கே ஆர்டர் எழுத உட்கார்ந்துவிட்டார்.

பாய் கம்பியைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "அட கட்டுக்கம்பி! இரும்போட சேத்துக் கட்னா உப்பு மொதல்ல இரும்பத்தான் துன்னும். அது செத்து பித்தளைய காப்பாத்திக்கீது. நம்ப சிமெண்ட் பைப்புல இரும்புக்கு எங்க போவ?"

கம்பெனியே சிரித்தது. பேர் ஒட்டிக்கொண்டது.

மறுபடி நைலான் நூலில், தனித்தனியாக, இன்னொரு நாலு மாதம். எடுத்தபோது பித்தளை செங்கல் நிறமாகியிருந்தது. அரம் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. கன்மெட்டலில் லேசாய்ப் பச்சை பூத்திருந்தது. சுரண்டினால் கீழே கெட்டி. மானேஜர் கன்மெட்டல் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பிய வடிவேலு லஸ் முனைக்கு ஓடி ஜாங்கிரி வாங்கிவந்து பாய் வாயில் திணித்தார்.

"இப்பவாவது பேரை மாத்துங்க, பாய்."

"ஜாங்கிரிக்கு அது கட்டுப்படியாவாது. பாதாம் அல்வான்னா யோசிக்கலாம்."

ஏழு வருஷம் ஓடியும் அந்த வால்வுகளில் ஒன்றுகூட மாற்றவில்லை. எழுபத்தொன்பதில் பாய் ஓய்வு பெற்றார். போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல் ஸ்டோருக்கு வந்தார்.

"வாரத்துக்கு ஒரு தபா எல்லா வால்வையும் முழுசா மூடித் தொற, நைனா. சும்மா வுட்டா உப்பு புடிச்சிக்கும். ஆள அனுப்பாத. நீயே போ."