ஏழாம் நம்பர் மிஷினும் என் சுண்டுவிரலும்

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் சைக்கிள் கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எனக்கு வாய்த்தது ஏழாம் நம்பர் மிஷின். மற்ற எழுத்துகளெல்லாம் ஒழுங்காக உழைக்க, இடது சுண்டுவிரலுக்குரிய 'ஏ' மட்டும் முரண்டு பிடித்தது. மெதுவாகத் தட்டினால் அதன் கம்பி பாதி தூரம் எழும்பி, கொஞ்சம் யோசித்து, மறுபடி படுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லாமல் ஒரு வரியைக்கூடத் தாண்ட முடியாது என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

மாஸ்டரிடம் முறையிட்டேன்.

"இன்னாப்பா, வூட்ல சோறு துண்ண மாட்டியா? ஓங்கி அடி!" என்றார்.

ஓங்கி அடித்தேன். ஆறு மாதம் விடாமல் அடித்தேன். உடம்பிலேயே சோம்பேறியான அந்த விரலை ஒரு சுத்தியலாக மாற்றிக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் முறையாகச் செய்த உடற்பயிற்சி அது ஒன்றுதான்.

காரணம் இருந்தது. அப்போது எண்பதுகளின் தொடக்கம். ஒரு தொழிற்சாலையில் லாரிக்கு இரும்புச் சாமான் ஏற்றும் வேலையில் இருந்தேன். ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை காலியாகப் போவதாகவும், நான் டைப்ரைட்டிங்கில் லோயர் பரீட்சை பாஸ் செய்துவிட்டால் மேனேஜரிடம் சொல்லி அதை எனக்கே வாங்கித் தருவதாகவும் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியை ஜன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். நேர் மேலே ஃபேன். நாற்காலியின் மேல் அவ்வளவு ஆசை வைத்தவர்கள் அரசியலில்கூடக் குறைவு.

பரீட்சை காஞ்சிபுரத்தில். அந்தக் காலத்தில் மிஷினையும் நாமே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு இன்ஸ்டிடியூட்டும் தன் மிஷின்களைச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றும். அதாவது, படித்த மிஷினின் கோளாறும் கூடவே பரீட்சைக்கு வரும். இது எனக்குப் பொறுக்கவில்லை. பரீட்சைக்கு முதல்நாள் எல்லா மிஷினுக்கும் எண்ணெய் போட மெக்கானிக் வந்தபோது, கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏழாம் நம்பரிடம் அழைத்துப் போனேன்.

அவர் குனிந்து பார்த்தார். "யப்பா, எத்தினி வருசமா அழிச்ச ரப்பர் தூளுப்பா இது! எண்ணெயோட சேந்து பிசின் கணக்கா ஒட்டிகினு கீது." பெட்ரோலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தார். "இப்ப ஊதுனாகூட அடிக்கும், போ."

ஊதிப் பார்த்திருக்கலாம். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மிஷினும் சாக்குக்குள் போய்விட்டது.

மறுநாள் பரீட்சை ஹாலில் மணி அடித்ததும் பத்துப் பதினைந்து மிஷின்கள் மழைபோல் சடசடத்தன. அதன் நடுவே ஒரு மிஷின் மட்டும் பட்டாசாக வெடித்தது. தலை தூக்கினேன், நான்தான். என் 'ஏ' ஒவ்வொன்றும் ரிப்பனைத் துளைத்து, தாளைத் துளைத்து, உருளையில் போய் நின்றது.

ஹாலைக் கண்காணிக்க வந்தவர் பின்னால் வந்து நின்றார். "தம்பி, டைப் அடிக்கிறியா, ஆணி அடிக்கிறியா?"

பதறிப்போய் விரலை மெதுவாக்க முயன்றேன். ஆறு மாதம் ஓங்கச் சொல்லிக் கொடுத்த விரல் ஒரு நிமிடத்தில் சாந்தமாகுமா? ஒன்று துளைத்தது, அல்லது தொடவே இல்லை. அது என்ன செய்யப் போகிறது என்று மற்ற விரல்கள் காத்திருந்ததில் வேகம் போயிற்று. இறுதி மணி அடித்தபோது கடைசிப் பத்தி பாக்கி. அடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். மாவு சலிக்கலாம்.

அதே மிஷினில் அடுத்த பேட்ச்சில் உட்கார்ந்தது வல்லக்கோட்டையிலிருந்து வரும் ஒரு பெண். இன்ஸ்டிடியூட்டில் இரண்டாம் நம்பரில் பழகியவள். பூ தொடுக்கிற மாதிரி தட்டுவாள். முடித்துவிட்டுச் சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

"அண்ணே, நீங்கதான் சொல்லி ரிப்பேர் பண்ணீங்களாமே? இன்னா சாஃப்ட்டா கீதுண்ணே! ரொம்ப தேங்க்ஸ்."

"பரவாயில்லம்மா" என்றேன்.

ரிசல்ட் வந்தது. அவள் முதல் வகுப்பு. என் எண்ணைப் பட்டியலில் மேலிருந்து கீழாகவும், அப்புறம் கீழிருந்து மேலாகவும் தேடினேன். இரண்டு வழியிலும் இல்லை.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "அட இன்னாய்யா நீ! மேனேஜர் திங்கக்கிழமைக்குள்ள ஆள் வேணும்னு குதிக்கிறாரு. உங்கூடப் படிச்சவங்க யாராச்சும் பாஸ் பண்ணாங்களா?"

யாருமில்லை என்று சொல்ல மூன்று வினாடி போதும். ஆனால் வாயைத் திறந்தபோது உண்மை வந்துவிட்டது. "நல்ல மனசுய்யா ஒனக்கு," என்று சொல்லி, அவளை அழைத்துவரும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வல்லக்கோட்டைக்கு சைக்கிள் மிதித்தேன். செய்தி சொன்னதும் அவள் அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்து, காபி கொடுத்து, முருகன்தான் என்னை அனுப்பி வைத்தான் என்றாள். முருகன் இதில் எந்த அளவுக்குச் சம்பந்தப்பட்டிருந்தான் என்பதில் எனக்கும் சில கேள்விகள் இருந்தன.

"ஏண்ணே, நீங்க ஏன் அந்த வேலைக்குப் போகல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"குந்திகினே செய்ற வேலை நமக்கு ஒத்துக்காதும்மா," என்றேன்.