தொட்டி மணலுக்குள் இருந்த சங்கு

கடலே கழுவிய மணலை நான் ஏன் கழுவ வேண்டும்? திருகோணமலைக் கரையில் அள்ளிய ஈர மணலை அப்படியே எங்கள் உப்புநீர் மீன்தொட்டியில் கொட்டினேன். ஒரு கிழமைக்குள் இரண்டு மீன்கள் காணாமல் போயின.

ஞாயிறு காலை, மணலிலிருந்து வெளிவந்த அழகான கூம்பு வடிவச் சங்கை எடுக்க மகள் தொட்டிக்குள் கை விட்டாள். வீட்டுக்கு வந்திருந்த மனைவியின் தம்பி, கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர், பாய்ந்து அவள் கையை இழுத்தார்.

"தொடாதை பிள்ளை! அது உயிரோட இருக்கு. நஞ்சு முள்ளால குத்தினா ஆள் தப்ப ஏலாது!"

சங்கின் நுனியிலிருந்து மெல்லிய குழாயொன்று அவள் விரல் இருந்த பக்கம் நீண்டது. அவர் நீண்ட இடுக்கியால் அதை எடுத்து வாளிக்குள் போட்டார்.

"மச்சான், மண்ணை அரிச்சனீங்களோ?"

இரண்டு மீன்களும் எதன் வயிற்றுக்குள் போயின என்று அப்போதுதான் விளங்கியது.

இப்போது கரையிலேயே சல்லடையில் அரித்து, கழுவி, காயவைத்த பிறகுதான் மணல் வீட்டுக்கு வருகிறது. மகள் மட்டும் இன்னமும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் மீன் பார்க்கிறாள்.