வெளியே போனது வெளியேதான்

முதல் நாள்

பேஸ்போல் அம்பயராக நான் நின்ற முதல் நாள், முதல் பந்து நேராக வந்து, எனக்கு முன்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கச்சரின் கையுறைக்குள் விழுந்தது. ஸ்ட்ரைக் என்று எனக்குத் தெரிந்தது. வாயும் திறந்தது. சத்தம் வரவில்லை.

கச்சர் அப்படியே திரும்பிப் பார்த்தாள். "ஏதாவது சொல்லப் போறீங்களோ, இல்லாட்டி அடுத்ததைப் போடச் சொல்லட்டோ?"

வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதையும் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

ஊரை விட்டு வந்து, நான் இங்கே மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் இருக்கிறேன். ஊரில் ஓ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றது. வாரநாளில் பரமட்டாப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கிற லோன்றியில் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு பேஸ்போல் மைதானத்துக் கன்ரீனில் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் லீக்கில் அம்பயருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அம்பயர்களுக்குப் பொறுப்பான டெறி கன்ரீன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "நீ கதைக்கிறது குறைவு, பாக்கிறது கூட. கோர்ஸுக்கு வா" என்றார். எனக்குக் கூச்சம். அதைவிட, மறுத்துச் சொல்லக் கூச்சம். போனேன்.

பிந்திச் சொல்வது

நான் எப்போதும் பிந்தித்தான் சொல்வேன். பந்து கையுறைக்குள் விழுந்து ஒரு மூச்சு போன பிறகுதான் "ஸ்ட்ரைக்" அல்லது "போல்" என்று வரும். "நித்திரையோ?" என்று பெஞ்சிலிருந்து கேட்பார்கள். ஆனால் கோர்ஸில் சொல்லித் தந்ததும் அதுதான். பந்து போகும் வழியை முழுதும் பார், மனத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார், பிறகு வாயைத் திற. மற்ற அம்பயர்கள் கஷ்டப்பட்டுப் பழகியது எனக்குக் கூச்சத்தால் தானாக வந்தது.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடிப்பவள், நிலத்தில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் என்ற தட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். பந்து அந்தப் பிளேட்டுக்கு மேலால், அவளுடைய முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் போக வேண்டும். அந்தச் சதுரம்தான் ஸோன். உள்ளே போனால், அடிக்காவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். வெளியே போகிற பந்தை அடிக்காமல் விட்டால் "போல்". நான்கு "போல்" சேர்ந்தால் அவள் நடந்தே முதல் பேஸுக்கு, ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய மூலைகளில் முதலாவதுக்கு, போகலாம். அதை வோக் என்பார்கள். அடிக்க முயன்றால் அந்தச் சலுகை இல்லை. வெளியே போன பந்துக்கு மட்டையை வீசித் தவறினாலும் ஸ்ட்ரைக்தான். ஆகவே எதை அடிக்காமல் விடுவது என்பதில்தான் பாதி விளையாட்டு.

மதுரா

மதுரா எங்கள் ஊர்ப் பிள்ளை. வயது முப்பதைத் தாண்டும். முதியோர் இல்லத்தில் நேர்ஸ். ஆள் சிறிது. பந்தை வேலிக்கு மேலால் அனுப்பும் பலம் அவளிடம் இல்லை.

முதல் சீசனில் கணுக்காலுக்கு வந்த பந்தையெல்லாம் குனிந்து குனிந்து அடித்தாள். கிரிக்கெட் விளையாடி வந்த எல்லோரும் விடுகிற பிழை அது. காலடியில் விழுகிற பந்தை விட்டால் ஸ்டம்ப் பறக்கும் என்ற பயம் உடம்பில் ஊறியிருக்கும். ஒருநாள் கன்ரீனில் தேத்தண்ணி வாங்கும்போது அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, பின்னாலை விக்கெட் இல்லை எண்டு என்ரை முழங்காலை நம்ப வைக்கவே ஒரு சீசன் போட்டுது."

இரண்டாவது சீசனில் அவள் விடத் தொடங்கினாள். பதிவாக, முழங்காலுக்குக் கீழே போனால் விட்டாள். வெளியே வளைந்தால் விட்டாள். பந்து போடுபவள் களைத்து, வேறு வழியில்லாமல் நடுவில் போட்டால் அடித்தாள். இல்லாவிட்டால் வோக் வாங்கி நடந்தாள். அவளுடைய அணியினரே, "மதுரா, சப்பாத்து தேயப் போகுது, ஒருக்கா ஓடு பாப்பம்" என்று பகிடி பண்ணினார்கள். அவள் கையசைத்துவிட்டு நடந்தாள்.

எதிரணிக் கோச் கிளெனுக்கு அது பகிடியாகப் படவில்லை.

முறைப்பாடு

அரையிறுதிக்கு முதல் வாரம் டெறி என்னைக் கூப்பிட்டார். கன்ரீனுக்குப் பின்னால், எண்ணெய்ப் பீப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தோம்.

"கிளென் முறைப்பாடு தந்திருக்கிறான். உன்ரை ஆள் எண்டபடியால் நீ அவளுக்கு வோக் குடுக்கிறியாம்."

"அவள் என்ரை ஆள் இல்லை. நான் பிளேட்டுக்குப் பின்னாலை நிக்கேக்கை எனக்கு ஆக்கள் இல்லை."

"எனக்குத் தெரியும், மேட். ஆனால் பார், சனம் வாறது அடிக்கிறதைப் பாக்க. ஒருத்தி சும்மா நிண்டு நிண்டு போறதைப் பாக்க இல்லை. அரையிறுதியிலை கொஞ்சம் கிட்ட வந்தால் ஸ்ட்ரைக் குடு. அவளும் அடிக்கட்டும். கிளெனும் வாயை மூடுவான். உனக்கு ஃபைனலிலை பிளேட் தாறன்."

ஃபைனலில் பிளேட்டுக்குப் பின்னால் நிற்பது எங்கள் தொழிலில் பெரிய மரியாதை. நான் அதற்கு ஆசைப்பட்டேன். அதை மறைக்கத் தேவையில்லை.

"எல்லாருக்கும் கிட்ட வந்தால் ஸ்ட்ரைக்கோ?" என்று கேட்டேன்.

டெறி பீப்பாவைப் பார்த்தார். "அவளுக்கு."

"ஏலாது" என்றேன். அவரிடம் அந்தச் சொல்லை முதல்முதல் சொன்னது அன்றைக்குத்தான். காது சுட்டது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை.

"எண்டாலும் யோசி" என்றுவிட்டுப் போனார். வேறு ஆள் இல்லாததால் அரையிறுதி எனக்கே வந்தது.

அரையிறுதி

முதல் முறை மதுரா வந்தபோது இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. மூன்றாவது பந்து முழங்காலை உரசுகிற உயரத்தில் பிளேட்டின் மேலால் போனது. அவள் பதிவு என்று நினைத்து விட்டாள். ஸ்ட்ரைக். அவுட்.

வேலிக்கு அங்கால் அவளுடைய கணவர் எழும்பினார். "அக்கா, கண்ணாடியை வீட்டை விட்டுட்டோ வந்தனீங்கள்? எங்கடை ஆள் எண்டு பேர் மட்டும்தான்!"

கிளென் கை தட்டினான். ஒரே பந்துக்கு ஒருவர் ஏசினார், ஒருவர் மெச்சினார். இரண்டையும் நான் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஓட்டம் சமன். மூன்று பேஸிலும் மதுராவின் அணி ஆட்கள். இரண்டு அவுட். மட்டை மதுராவின் கையில். இப்போது ஒரு வோக் கிடைத்தால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், மூன்றாம் பேஸில் நிற்பவள் உள்ளே வந்து ஓட்டம் சேரும், ஆட்டம் முடியும். மூன்று "போல்", இரண்டு ஸ்ட்ரைக் வரை போனது.

"நிண்டு கொண்டே இருப்பாள், போடு!" என்று கிளென் கத்தினான். "அடி, அடி!" என்று மதுராவின் சொந்தப் பெஞ்சும் கத்தியது. டெறி கைகளைக் கட்டிக்கொண்டு வேலியோடு நின்றார்.

பந்து வந்தது. வெளிப்பக்கம் போனது. அதிகம் இல்லை, ஒரு பந்தின் அகலம். கச்சர் கெட்டிக்காரி, பிடித்த வேகத்தில் கையுறையை மெல்ல உள்ளே இழுத்து அங்கேயே வைத்துக்கொண்டாள். மதுராவின் மட்டை அசையவில்லை.

ஸ்ட்ரைக் என்று சொல்லியிருந்தால் அங்கே ஒருவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். மதுராவின் ஆட்களே, அடிக்காமல் நின்றது அவளுடைய பிழை என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு ஃபைனலும் கிடைத்திருக்கும். நான் வழக்கம்போலப் பிந்தினேன். கையுறை இருந்த இடத்தை விட்டுவிட்டு, பந்து பிளேட்டைக் கடந்த இடத்தை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

"போல்" என்றேன்.

கிளென் ஓடி வந்தான். "ஒரு வோக்கிலையோ அரையிறுதியை முடிக்கிறாய்? வெக்கமில்லையோ?"

"பந்து வெளியே போனது."

"ஒரு மயிரிழை!"

"வெளியே போனது வெளியேதான்" என்றேன். தொப்பியை நிலத்தில் அடித்தான். நான் குனிந்து பிளேட்டில் இருந்த மண்ணைத் துடைக்கத் தொடங்கினேன். ஆட்டம் முடிந்த பிறகு அதைத் துடைக்கத் தேவையில்லை. ஆனாலும் துடைத்து முடித்தேன்.

பிறகு

டெறி கார்த் தரிப்பிடத்தில் வந்தார். "கிளெனிட்டைப் போய், அந்தப் பந்து எனக்குச் சரியாத் தெரியேல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லு. ஃபைனல் உனக்குத்தான்."

"எனக்கு நல்லாத் தெரிஞ்சது, டெறி."

ஃபைனலில் வேறொருவர் நின்றார். நான் பார்க்கப் போகவில்லை. மதுராவின் அணி தோற்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். மதுரா அதிலும் இரண்டு தரம் நடந்தாளாம். நான் அன்றைக்கு வீட்டில் உடுப்புத் துவைத்தேன். கவலையாக இருந்தது. பிழை செய்தது போல இருக்கவில்லை.

இந்த சீசன் தொடங்க முதல் டெறி போன் எடுத்தார். "சனிக்கிழமை பிளேட்டுக்கு ஆள் இல்லை. வருவியோ?"

"வருவன். ஸோன் அதேதான்."

"கிளென்ரை மேட்ச்."

"அவருக்கும் அதேதான்."

"ஒன்பதுக்கு வா" என்றார்.

புதிதாக அம்பயராக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சின்ன விஷயம்தான். மட்டையை வீசுகிறவள் விளையாடுவது எல்லோருக்கும் தெரியும். வீசாமல் நிற்கிறவளும் விளையாடுகிறாள். சுற்றியுள்ள எல்லோரும் அடி அடி என்று கத்தும்போது அசையாமல் நிற்பது சும்மா நிற்பது அல்ல. அது அவள் செய்கிற வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்தவளுக்கு, பார்ப்பவர்களுக்கு அலுப்பாக இருக்கிறது என்பதற்காக நான் தண்டனை கொடுக்க மாட்டேன். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.