இடப்பக்கம் முறுக்கிய கோலி

மலேசியாவில், கிள்ளான் நடைபாதையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பவன் நான். வாராவாரம் ஒருவர் வருவார்; வேறெதையும் பார்க்கமாட்டார். கோலிகள் கிடக்கும் பிஸ்கட் டின்னுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பக்கத்து ஊரான மேருவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் சீருடை. தூங்காத கண்கள்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல பாஸ். கையால செஞ்ச பழைய கோலின்னா முனையில, கண்ணாடிக் கம்பியிலருந்து வெட்டுன தழும்பு இருக்கும். உள்ள ஓடுற கோடு வழக்கமா வலப்பக்கம் முறுக்கியிருக்கும். என் மகளோடது இடப்பக்கம். டிரெய்ன்ல தொலைஞ்சிருச்சு. அவளுக்குப் பேச்சு வராது. அது இல்லாம சரியா சாப்பிடல, தூங்கல லா. வேற எது கொடுத்தாலும் ஒரு தடவை உருட்டிப் பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுடுறா."

போன வாரம் என் டின்னிலேயே அப்படி ஒன்று கிடைத்துவிட்டது. சிவப்பும் வெள்ளையும், இடப்பக்க முறுக்கு. நான்தான் சந்தோஷத்தில் கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவளோடதுல இந்த இடத்துல லேசா உடைஞ்சிருக்கும். அங்கதான் விரல வச்சிருப்பா."

விற்க வைத்திருந்த சுத்தியலைக் கேட்டார்.

"வேணாம்ணே, அப்படியே கொடுத்துப் பாருங்க."

"தூக்கிப் போட்டுடுவா, பாஸ். எனக்குத் தெரியும்."

கோலியைக் கைக்குட்டையில் சுற்றி, நடைபாதை விளிம்பில் வைத்து மெல்லத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தட்டு. இரண்டாகப் பிளந்துவிட்டது.

இரண்டு பாதியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுத்தியலை எடுத்த இடத்திலேயே வைத்தார். மறுபடி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வேற டின் இருக்கா, பாஸ்?"

என்னிடம் இருந்தது அந்த ஒரு டின்தான். அதையே மறுபடி அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன்.