மிராசுதார் வீட்டுப் பொம்மை எஞ்சின்

பொம்மை ரயிலை ரிப்பேருக்குக் கொடுக்கிற நேரமா அது? காவிரியில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. குறுவைக்கு நாற்று விட்டவர்கள் எல்லாம் பம்புசெட்டை நம்பிக் கிடந்தார்கள். குத்தாலத்தில், மோட்டாருக்குக் கம்பி கட்டுகிற என் ஒயிண்டிங் கடை வாசலில் எரிந்துபோன மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒருத்தர் வந்து நின்று கத்திவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து அப்பா ஒரு பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே, வேட்டித் துணியில் சுற்றி ஒரு பொம்மை ரயில் எஞ்சின்.

அது எங்கள் மிராசுதாருடையது. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொழும்பிலிருந்து வந்ததாம். விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை அதை வீட்டுக் கரண்டில் நேராகச் சொருகிப் புகைய விட்டிருந்தார். "ஒம் மவன் மோட்டார் கட்டுறவன்தானே, பாக்கச் சொல்லு" என்று மிராசுதார் சொன்னாராம். அப்பாவுக்கு அது போதும்.

மிராசுதாரின் ஆறு மா நிலத்தை, ஏறக்குறைய இரண்டு ஏக்கரை, அப்பா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சொந்தமாக உழைத்துப் பயிர் செய்கிற குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சர்க்கார் அப்போதுதான் சட்டம் போட்டிருந்தது. பெயர் ஏறிவிட்டால் எங்களை லேசில் வெளியேற்ற முடியாது. ஊரில் பாதிப் பேர் மனு கொடுத்துவிட்டார்கள். எங்கள் மனுவையும் நான் எழுதி வைத்திருந்தேன். அப்பா கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"அவங்க சாமான நம்ம கையில வெச்சிக்கிட்டு அவங்க மேலயே மனு குடுக்கிறதா? மொதல்ல இத முடிச்சுக் குடு."

அப்பா டின்னை என் மேஜையில் வைத்தார். நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். சரி, கையளவு எஞ்சின், இரண்டு நாள் வேலை என்று உட்கார்ந்தேன்.

இரண்டு நாளாம்! உள்ளே இருந்த மோட்டார் என் கட்டைவிரல் அளவுதான். நடுவில் சுற்றுகிற துண்டில் மூன்று சின்னக் காயில், தலைமுடி கனத்தில் கம்பி. என்னிடம் இருந்த கம்பியெல்லாம் பம்புசெட்டுக்கானது. தஞ்சாவூர் ரேடியோ கடையில் சொல்லி வைத்து மெல்லிய கம்பி வாங்கி வந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினால், முடிகிற நேரத்தில் அறுந்துவிடும். திரும்ப முதலிலிருந்து. ஒருவழியாகக் கட்டி முடித்து பாட்டரி கொடுத்தால், சோம்பேறி மாதிரி நாலு சுற்றுச் சுற்றி, சூடாகி, நின்றுவிட்டது. பிரித்து மறுபடி கட்டினேன். அதே கதை. மூன்றாம் தடவையும் அதே கதை.

இதற்கிடையில் எஞ்சினுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில் அப்பா தினமும் கடைக்கு வர ஆரம்பித்தார். காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். கழற்றிய திருகாணிகளை ஒரு தட்டில் போட்டுக் காவல் காப்பார். எங்கள் வயலில் நடவு நெருங்கியபோது மிராசுதாரே சொல்லி அனுப்பினார்: "நீ ரயிலப் பாரு. நடவ நம்ம பண்ணையாளுங்க பாத்துக்குவாங்க." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குமே அந்த மனுஷன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. என்னைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கடைசியில் ரேடியோ கடைக்காரர்தான் கேட்டார்.

"உள்ள ஒரு காந்தம் இருக்குமே, அத என்ன பண்ணீங்க?"

சுத்தியலால் தட்டிக் கழற்றி, ஒரு மூலையில் போட்டு வைத்து, பூட்டும்போது திரும்ப மாட்டியிருந்தேன். பம்புசெட் மோட்டாரில் காந்தமே கிடையாது. வாழ்நாள் முழுக்க அதையே பிரித்துக்கொண்டிருந்தவனுக்கு இது வெறும் இரும்புத் துண்டு. வந்த அன்றைக்கு ஸ்பானரையே தூக்கிய காந்தம், தட்டிய தட்டில் சக்தி போய், இப்போது ஒரு திருகாணியைக்கூடப் பிடிக்கவில்லை. காயிலில் ஒரு குறையும் இல்லை. முதல் தடவைக்குப் பிறகு கட்டியதெல்லாம் தண்டம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் டின்னோடு காவிரியில் எறிந்திருப்பேன். அப்பா பெஞ்சில் இருந்தார்.

மறுநாள் காந்தத்தின் மேல் பம்புசெட் கம்பியையே நிறையச் சுற்றி, லாரி பாட்டரியிலிருந்து ஒரு நொடி கரண்டு கொடுத்தேன். பக்கத்தில் கிடந்த ஆணி துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. பூட்டி ஓட்டினேன். எஞ்சின் மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. இத்தனை நாள் வயிற்றெரிச்சலும் போய், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன்.

அப்பா அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் விட்டு தாலுகா ஆபீஸில் மனுவையும் கொடுத்தார். மிராசுதார் கோபப்படவே இல்லையாம். "சட்டப்படி நடக்கட்டும்ப்பா" என்றாராம்.

விசாரணைக்குப் போனோம். மிராசுதார் வக்கீல் வைக்கவில்லை. பிஸ்கட் டின்னை எடுத்து வந்திருந்தார். எஞ்சினை அதிகாரியின் மேஜையில் வைத்தார்.

"இவரு சொந்தமா ஒழைச்சுப் பயிர் பண்ற ஆளு இல்லீங்க. மகன் மோட்டார் மெக்கானிக். இவரும் அந்தக் கடையிலதான் இருக்காரு. குறுவை பூரா அங்கதான் ஒக்காந்திருந்தாரு, கடைத்தெருவுல யார வேணா கேளுங்க. நடவு போட்டது என் பண்ணையாளுங்க. வேணும்னா இதப் பாருங்க, இவங்க ரிப்பேர் பண்ணதுதான்."

சொன்னதில் எதைப் பொய் என்பது? அப்பா தோள் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். அதிகாரி எஞ்சினைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன மோட்டாரா? நீங்களா கட்டினீங்க?"

தஞ்சாவூரில் ஒருத்தர் கட்டிக் கொடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

"நான்தாங்க. மூணு காயிலும் நானே கட்டினேன். காந்தம் போயிடுச்சு, அதையும் நானே ஏத்தினேன்."

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடியானது. அடுத்த சம்பாவுக்கு அந்த ஆறு மாவில் பண்ணை ஏர் இறங்கியது.

விசாரணை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"காந்தத்தப் பத்தி அந்த அதிகாரி கேக்கவே இல்லியேடா."